பரணில் கிடக்கும் ரெண்டு கம்பி ஒயர்: கேள்வி பதில்

எர்த் (கசியும் கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோகிற மூன்றாவது கம்பி) இல்லாத பழைய எக்ஸ்டென்ஷன் ஒயரை என்ன செய்வது என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். முப்பது வருடம் வயரிங் வேலை பார்த்தவன் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணா, பத்து மீட்டர் ஒயர், பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. மூணு பின் சாக்கெட் மாட்டி ஃப்ரிட்ஜுக்குப் போடலாமா?

வேண்டாம் தம்பி. சாக்கெட்டில் மூன்று ஓட்டை இருக்கும், எர்த் மட்டும் இருக்காது. உள்ளே எங்காவது கரண்ட் கசிந்து தகரத்தில் ஏறினால், கதவைத் திறக்கிற கைக்காகக் காத்திருக்கும். பார்க்கிறவனும் மூணு பின் இருக்கிறதே என்று நம்பிவிடுவான். அதுதான் பெரிய ஆபத்து.

அயர்ன் பாக்ஸ் 1000 வாட்ஸ்தானே? 230 வோல்ட்டில் 4.3 ஆம்பியர். 0.75 சதுர மில்லிமீட்டர் ஒயர் தாங்காதா?

கணக்கு சரி, ஒயர் தாங்கும். ஆனால் அயர்ன் பாக்ஸின் அடிப்பகுதி உலோகம், அதற்கும் எர்த் வேண்டும். செல்போன் சார்ஜர் போல, சதுரத்துக்குள் சதுரம் போட்ட அடையாளம் உள்ள பொருளுக்கு எர்த் தேவையில்லை.

அப்போ எதற்குத்தான் ஆகும்?

பிளக்கை வெட்டி எறியுங்கள், அப்புறம் நிறைய வழி இருக்கிறது. எனக்குப் பிடித்தது 12 வோல்ட் சோலார் விளக்கு. மாட்டுக்கொட்டகைக்கும் மோட்டார் ரூமுக்கும் இந்த ஒயரைத்தான் இழுத்திருக்கிறேன். 0.75 தாமிர ஒயரில் பத்து மீட்டர் போய்த் திரும்ப மின்தடை ஏறக்குறைய அரை ஓம். 12 வாட்ஸ் எல்இடி ஒரு ஆம்பியர் இழுக்கும், அரை வோல்ட் குறையும், வெளிச்சத்தில் பெரிதாகத் தெரியாது. முப்பது மீட்டர் என்றால் ஒன்றரை வோல்ட் போய்விடும், விளக்கு மங்கலாம். பிளஸ் பக்கக் கம்பியின் இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டுக்கொள்ளுங்கள், மாறாது. பேட்டரிக்குப் பக்கத்திலேயே பிளஸ்ஸில் 2 ஆம்பியர் ஃபியூஸ் வையுங்கள். 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்று அலட்சியப்படுத்துகிறார்கள். ஷார்ட் ஆனால் ஒயர் எரியும்.

ஸ்பீக்கருக்கு?

தாராளமாக. வீட்டு ஹாலில் ஐந்தாறு மீட்டருக்கு வித்தியாசமே தெரியாது.

கரண்ட் போனால், பக்கத்து வீட்டு இன்வெர்ட்டரிலிருந்து எங்கள் சாக்கெட்டுக்குக் கொடுக்க ரெண்டு முனையிலும் பிளக் மாட்டலாமா ஐயா?

கூடவே கூடாது. ஒரு முனையைக் கழற்றினால் கையில் இருப்பது கரண்ட் உள்ள பின். அந்தக் கரண்ட் வெளி லைனுக்கும் ஏறலாம், லைன்மேன் கம்பத்தில் இருந்தால் அவர் உயிருக்கும் உலை.

ஒயர் தேறுமா என்று எப்படிப் பார்ப்பது?

மடக்கிப் பாருங்கள். தோல் வெடித்தால் குப்பை. எலி கடித்த இடத்தில் டேப் சுற்றி மறுபடி 230க்கு விடாதீர்கள். முனையைச் சீவி ஒரு இழையைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அலுமினியம், பழைய இரும்புக் கடையில் தாமிர விலை கிடைக்காது.

எரித்துத் தாமிரம் எடுக்கலாமா?

பிவிசி புகையை ஏன் மூச்சில் ஏற்றிக்கொள்கிறீர்கள்? அப்படியே எடைக்குப் போடுங்கள்.

துணிக்கொடி கட்டலாமா தம்பி?

நைலான் கயிறு வாங்கிக்கொள்ளுங்கள் அக்கா. கொடிக்கம்பியில் கரண்ட் பாய்ந்து இறந்ததாக மழைக்காலத்தில் செய்தி வருகிறதே, படிக்கிறீர்களா? ஒயர்தான் வேண்டும் என்றால் தாமிரத்தை உருவிவிட்டு, வெறும் தோலை வைத்துப் பாகற்கொடியைப் பந்தலில் கட்டுங்கள். சணல் மாதிரி அறுக்காது, மழையில் மக்காது.