கீழாநெல்லியைப் பிரித்துச் சொன்ன பெண்

வணக்கம் அம்மா. உங்கள் மகள் அடுத்து என்ன படிக்கலாம் என்று ஞாயிற்றுக்கிழமை ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்து பேசினோம். அதில் ஒரு மணி நேரம் உங்கள் அண்ணன் பேசினார். அவள் வாயைத் திறந்தது ஒரே ஒரு தடவை, அதுவும் கிளம்பும்போது. மதிலோரம் முளைத்திருந்த செடியைக் காட்டி, “மஞ்சக்காமாலைக்குக் கொடுக்கிற கீழாநெல்லி, சார் வீட்லயே இருக்கு பாரு” என்றார் அண்ணன். “அது இல்ல மாமா. இதுல காய்க்குக் காம்பே இல்ல, தோலும் சொரசொரன்னு இருக்கு. கீழாநெல்லிக் காய்க்குக் காம்பு இருக்கும், வழவழன்னு இருக்கும்” என்றாள் அவள். நீங்கள் “பேசாம வா” என்று அதட்டினீர்கள்.

நீங்கள் போனதும் குனிந்து பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி. மதிலோரம் இருப்பது ஃபிலாந்தஸ் யூரினேரியா. மருந்துக்குப் பறிக்கும் கீழாநெல்லி ஃபிலாந்தஸ் அமாரஸ். தாவரவியல் பட்டம் வாங்கியவர்களிலேயே பலர் இந்த இடத்தில் தடுமாறுவார்கள். நீட் தேர்வில் இரண்டு முறை மதிப்பெண் போதாமல் போன பெண் என்றுதான் அவளை என்னிடம் அழைத்து வந்தீர்கள். நான் பார்த்தது வேறு ஒரு பெண்ணை.

நேரில் உங்களைக் கலங்க வைக்க வேண்டாமென்று கொஞ்சம் மழுப்பினேன். இப்போது நேராகவே சொல்கிறேன். வெளிநாட்டு எம்.பி.பி.எஸ். வேண்டாம். அண்ணன் சொன்ன 35 லட்சத்துக்கு உங்களிடம் இருப்பது இரண்டு ஏக்கர் நிலமும் கணவரின் ஓய்வுக்காலப் பணமும்தான். அங்கே ஐந்தாறு வருடம் படித்துவிட்டு வந்தால், இங்கே மருத்துவம் பார்க்க இன்னொரு தகுதித் தேர்வு எழுத வேண்டும். 2024-ல் நடந்த அந்தத் தேர்வு ஒன்றில் ஐந்தில் ஒருவர் அளவுக்குத்தான் தேறினார்கள். தேறாதவர்களின் குடும்பம் வாங்கிய கடனுக்கு அதனால் வட்டி நின்றுவிடாது. இதையெல்லாம் தாண்டி, டாக்டராக வேண்டும் என்று அவள் ஒரு முறைகூடச் சொல்லவில்லை. சொன்னது முழுக்க அண்ணன்.

நர்சிங், பார்மசி, வேளாண்மை, சித்தா பற்றி நான் எழுதப் போவதில்லை. அதைச் சொல்ல உங்கள் தெருவிலேயே பத்துப் பேர் இருப்பார்கள். யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஒரு செடியை ஒரு ஊர் ஜனம் எதற்குப் பயன்படுத்துகிறது என்பதைப் படிக்கும் துறை, அந்த அறிவை வெளியார் எடுக்கும்போது ஊருக்கு என்ன சேர வேண்டும் என்று கணக்குப் பார்க்கும் துறை. முதலாவதை இனத்தாவரவியல் என்பார்கள். இரண்டாவதற்குச் சட்டத்தில் உள்ள பெயர் பயன் பகிர்வு.

அந்தக் கீழாநெல்லியையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து 1976-ல் நோபல் பரிசு வாங்கிய பிளம்பெர்க் வேலை பார்த்த அமெரிக்க ஆய்வு நிறுவனம், அந்த நோய்க்கு இந்தச் செடிச் சாற்றைப் பயன்படுத்தும் முறைக்கு 1987-ல் காப்புரிமை வாங்கியது. நம் பாட்டிமார் மோரில் அரைத்துக் கலக்கிக் கொடுத்த அதே சமாச்சாரம். ஆய்வில் செடியின் பெயர் ஃபிலாந்தஸ் நிரூரி. அடுத்த வருடம் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து லான்செட் மருத்துவ இதழில் எழுதியபோது பெயர் அமாரஸ். மருந்து கொடுத்த 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்தது என்றது கட்டுரை. பிறகு மற்ற இடங்களில் செய்து பார்த்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. மருந்து பலிக்கிறதா, இல்லையா என்று வாதாடுவதற்கு முன்னால், கையில் இருப்பது எந்தச் செடி என்று யாராவது அடித்துச் சொல்ல வேண்டும். உங்கள் மகள் அதைச் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

இன்னொரு கதை நம் மலையிலேயே நடந்தது. அகத்தியமலையின் இரு பக்கமும், கேரளத்திலும் நம் பாபநாசம் மலையிலும், காணிக்காரர்கள் என்ற பழங்குடியினர் இருக்கிறார்கள். 1987 டிசம்பரில் தாவரவியலாளர் புஷ்பாங்கதன் தலைமையில் விஞ்ஞானிகள் குழு ஒன்று கேரளப் பக்கம் மலையேறியது. இவர்கள் மூச்சு வாங்கி உட்கார, வழிகாட்டிய காணிக்காரர்கள் ஏதோ ஒரு காயைத் தின்றபடி களைப்பே இல்லாமல் நடந்திருக்கிறார்கள். துருவிக் கேட்டதில் தெரிய வந்த செடிதான் ஆரோக்கியப்பச்சை. கேரளத்தில் பாலோடு என்ற ஊரில் உள்ள தாவரவியல் பூங்கா நிறுவனம் அதிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கி, 1995-ல் கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்றுக்கு உரிமம் கொடுத்தது. உரிமத் தொகை 10 லட்சம், விற்பனையில் 2 சதவீதம். அதில் பாதி காணிக்காரர்களுக்கு என்று முடிவானது. அவர்களுக்காக 1997-ல் அறக்கட்டளை பதிவாகி, 1999-ல் சுமார் 5 லட்சம் ரூபாய் கை மாறியது.

பயன் பகிர்வு பற்றி உலகத்தில் எங்கே பேசினாலும் இந்தக் கதையைச் சொல்வார்கள். பாதியைத்தான் சொல்வார்கள். ரகசியத்தைச் சொன்ன குடிகளோடு பேசினார்களே தவிர, மற்ற ஊர்க் காணிக்காரர்களைக் கலந்துகொள்ளவில்லை. அவர்களுடைய வைத்தியர்களான பிலாத்திகள் சிலர் எதிர்ப்பே தெரிவித்தார்கள். செடியை விற்றுப் பிழைக்கலாம் என்று பார்த்தால் வனத்துறை குறுக்கே நின்றது. ஒப்பந்தம் எழுதிய நாளில் இதையெல்லாம் யோசித்துச் சொல்ல, காட்டு ஜனத்தின் பேச்சும் ஆய்வகத்தின் பேச்சும் சட்டத்தின் பேச்சும் தெரிந்த ஒரு ஆள் அந்த அறையில் இருந்திருக்க வேண்டும். நான் சொல்லும் வேலை அந்த ஆளுடைய வேலை.

அந்த ஆளுக்கு இன்றைக்கு நிறையவே வேலை இருக்கிறது. பயன் பகிர்வை வகுத்த உயிரியல் பல்வகைமைச் சட்டம் 2002-ல் வந்தது. அதை நடத்தும் தேசிய ஆணையம் டெல்லியில் இல்லை, சென்னையில் இருக்கிறது. ஒவ்வொரு உள்ளாட்சியிலும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழு, ஊரின் செடிகொடிகளையும் அவை பற்றிய அறிவையும் குறித்து அந்தக் குழு எழுதும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு என்பது ஏற்பாடு. பசுமைத் தீர்ப்பாயம் 2020 ஜனவரி வரை கெடு வைத்ததும் நாடு முழுக்க அவசர அவசரமாக எழுதித் தள்ளினார்கள். அப்படி எழுதியவற்றில் சிலதை நான் புரட்டிப் பார்த்திருக்கிறேன். பக்கத்து ஊர்ப் பதிவேட்டைப் பார்த்து எழுதியது மாதிரி இருக்கும். ஒரே பெயரில் மூன்று செடி, ஒரே செடிக்கு மூன்று பெயர். அதைச் சரிபார்க்க, காயின் காம்பைக் குனிந்து பார்க்கிற கண் வேண்டும்.

அப்புறம் சட்டம். இந்திய நிறுவனங்களும் ஊருக்குப் பங்கு தர வேண்டும் என்று 2018-ல் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023-ல் சட்டத்தைத் திருத்தி, நூல்களில் பதிவான மரபு அறிவைப் பயன்படுத்துவோருக்கு விலக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்தத் திருத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அதனால் ஒரு புதிய கேள்வி கிளம்பியிருக்கிறது. ஏட்டில் இருப்பது எது, மலையில் ஒரு கிழவியின் வாயில் மட்டும் இருப்பது எது? சித்த மருத்துவச் சுவடியையும் படித்து, காணிக்குடியிலும் போய்க் கேட்டு, இது அது இல்லை என்று எழுதிக் கொடுக்கத் தமிழ் தெரிந்த தாவரவியலாளர் வேண்டும். அந்த ஆள் எழுதித் தரவில்லை என்றால், அந்த அறிவும் ஏட்டில் இருந்ததுதான் என்று சொல்லிப் பங்கு தராமலே போய்விடலாம்.

இனி வழி. அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. தாவரவியல். வருடச் செலவு சில ஆயிரங்களைத் தாண்டாது. கௌரவத்துக்காக லட்சக்கணக்கில் வாங்கும் தனியார் பல்கலைக்கழகத்தில் உயிர்த் தொழில்நுட்பம் சேர்க்கலாமா என்று உங்கள் கணவர் கேட்டார். வேண்டாம், அவளுக்கு வேண்டியது வெளியில் இருக்கிறது. கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல உலர்தாவரத் தொகுப்பு இருக்கிறது. திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராபினாட் தொகுப்பு, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் இன்னொன்று. விடுமுறையில் அங்கெல்லாம் அனுமதி கேட்டுப் போய், அழுத்தி ஒட்டிய தாள்களை நாள் முழுக்கப் பார்க்கட்டும். மூன்று வருடத்தில் அவளுடைய கண் எங்கேயோ போய்விடும்.

பிறகு எம்.எஸ்சி. முடித்து, நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். இல்லையென்றால் பி.எஸ்சி.க்கு மேல் மூன்று வருடச் சட்டம். அறிவியல் பட்டம் இருந்தால் காப்புரிமை முகவர் தேர்வு எழுதலாம். தாவரவியல் பட்டத்தோடு இந்திய வனப்பணித் தேர்வும் எழுதலாம். காசு சீக்கிரம் வராது, அதை மறைக்க மாட்டேன். இருபத்தைந்து வயதிலும் திட்டப் பணியாளராக, வருடத்துக்கு ஒரு ஒப்பந்தம் என்று இருக்கலாம். கல்யாணப் பேச்சில் ‘பொண்ணு என்ன பண்றா’ என்று கேட்டால் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம்தான். கடனில்லாத கஷ்டம் அது.

ஒரே ஒரு விஷயத்தில் அவளிடமும் நான் கண்டிப்பாக இருப்பேன். மலைக்குப் போய்க் கேட்டு, எழுதிக்கொண்டு வந்து, தன் பெயரில் கட்டுரை போட்டுவிட்டு மறந்துபோகிற ஆராய்ச்சியாளர்கள் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறார்கள். வன உரிமைச் சட்டம் 2006-லேயே மரபு அறிவின் மேல் சமூகத்துக்கு உரிமை உண்டு என்று எழுதிவிட்டது. கேட்பதற்கு முன் அனுமதி, எழுதியதை அவர்களிடமே படித்துக் காட்டுவது, வேண்டாம் என்றால் அழித்துவிடுவது என்று முதல் நாளே பழக வேண்டும். “பேசாம வா” என்று கேட்டு வளர்ந்த பெண், பேச மறுப்பவர்களின் மௌனத்தையும் புரிந்துகொள்வாள் என்று நினைக்கிறேன்.

சரி, இந்த வாரம் செய்ய வேண்டியது இரண்டுதான். வங்கியில் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள், நிலப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும். வரும் சனிக்கிழமை காலை அவளைத் தனியாக என்னிடம் அனுப்புங்கள். அண்ணன் கொண்டுவந்து விடலாம், ஆனால் வாசலோடு.