அம்பாசிடருக்கு ஏசி செம்பு டியூப் போடலாமா?

கேள்வி: என்னிடம் 1978 அம்பாசிடர் மார்க் 3 இருக்கிறது. பின்சக்கரத்துக்குப் போகும் பிரேக் பைப் துருப்பிடித்துக் கசிகிறது. கெட்ட ஓரடியை மட்டும் வெட்டிவிட்டு, ஏசிக்குப் போடும் செம்பு டியூபை ஃபெரூல் (நட்டை இறுக்கும்போது குழாயைக் கவ்வும் சிறு வளையம்) வைத்து இணைத்தால் போதும் என்கிறார் மெக்கானிக். பெட்ரோல் வாசனையும் அடிக்கிறது. எதையெல்லாம் வாங்குவது?

பதில்: தயவுசெய்து அந்த ஒட்டு வேலைக்குச் சம்மதிக்காதீர்கள். வெறும் செம்பு, வண்டியின் அதிர்வில் நாளடைவில் இறுகி, நட்டை ஒட்டிய இடத்தில் விரிசல் விடும். ஃபெரூல் இணைப்பு பிரேக் அழுத்தத்துக்கு ஆனதே அல்ல. இந்த வயது அம்பாசிடர்களில் பெரும்பாலும் ஒரே சர்க்யூட்தான், அதாவது நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் வழி. ஓரிடத்தில் விட்டால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய், ஹேண்ட்பிரேக் மட்டுமே மிஞ்சும்.

ஓரிடம் துளைவிட்டதென்றால், கிளிப்புக்கு அடியில் சேறு தங்கும் மற்ற இடங்களும் அரித்திருக்கும். முழுவதையும் மாற்றுங்கள். 3/16 அங்குல (4.75 மி.மீ.) செம்பு-நிக்கல் டியூப் கேளுங்கள். விலை கூடுதல்தான், ஆனால் துருப்பிடிக்காது, கையாலேயே வளையும். 25 அடி சுருள் ஒன்று பொதுவாகப் போதும். கிடைக்காவிட்டால் இரட்டைச் சுவர் ஸ்டீல் பிரேக் டியூப் வாங்கலாம். சென்னை ஜி.பி. ரோடு போன்ற உதிரிபாகக் கடைத்தெருவுக்குப் போகும்போது பழைய நட்டுகளைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அங்குல மரையும் மில்லிமீட்டர் மரையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். சரியான நட் விரலால் சுற்றினாலே நான்கைந்து சுற்று ஏறும்.

டியூப் முனையில் இரட்டை ஃபிளேர் (முனையை விரித்து இரண்டாக மடிப்பது) அடிக்க வேண்டும். ஒற்றை மடிப்பு பிளந்துவிடும். முனையைப் பிசிறில்லாமல் தேய்த்து, உள்ளே விழுந்த தூளை ஊதி எடுத்து, முதலில் நட்டை டியூபில் கோத்துக்கொண்ட பிறகுதான் ஃபிளேர் அடிக்க வேண்டும். அவசரத்தில் நட்டை மறந்தால் அந்த முனையை வெட்டி எறிவதுதான் வழி. டெஃப்ளான் டேப் சுற்றக் கூடாது.

ரப்பர் பிரேக் ஹோஸ் மூன்றையும் (முன்னால் 2, பின்னால் 1) கூடவே மாற்றுங்கள். வெளியே பளபளப்பாக இருந்தாலும் உள்ளே ஊதி அடைத்திருக்கும். ஆயில் போகும், திரும்பாது, பிரேக் பிடித்தபடியே நிற்கும். எஸ்.ஏ.இ. ஜே1401 (பிரேக் ஹோஸுக்கான தரக் குறியீடு) என்று அச்சிட்டதையே வாங்குங்கள்.

பெட்ரோல் வாசனைக்குப் பெரும்பாலும் பழைய ரப்பர் ஹோஸ்தான் காரணம். இப்போது பங்கில் வரும் இ20 பெட்ரோலின் எத்தனால் அந்தக் காலத்து ரப்பரைக் கெடுக்கும். ஜே30 ஆர்9 தர ஹோஸ் போடுங்கள்; உள்விட்டத்தைப் பழைய உலோகக் குழாயை அளந்து முடிவு செய்யுங்கள். இந்த வேலைக்கு முன் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். பக்கத்தில் கிரைண்டர் ஓடக் கூடாது.

கடைசியாக, புதிய டாட் 3 அல்லது டாட் 4 பிரேக் ஆயில் ஊற்றி, இடது பின்சக்கரத்தில் தொடங்கி ஏர் எடுங்கள் (பைப்பில் சிக்கிய காற்றை வெளியேற்றுங்கள்). சிந்தினால் பெயிண்ட் உரியும், உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பிறகு ஒருவர் பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் ஒவ்வொரு நட்டையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்கட்டும். துணியில் ஈரம் தெரிந்தால் வண்டியைத் தெருவில் இறக்காதீர்கள்.