அவலம், கவலை, சோகம், இரங்கல்: சொல் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: செய்திகளில் தினமும் பார்க்கிறேன் ஐயா. 'சுடுகாட்டுக்குப் பாதை இல்லாத அவலம்', 'மழைநீர் தேங்கி நிற்கும் அவலம்' என்று போடுகிறார்கள். அவலம் என்றால் சோகமா, கேவலமா?

பதில்: சோகம்தான். அதுவும் சாதாரண சோகம் இல்லை, ஆளையே அழித்துவிடக்கூடிய சோகம். இந்தச் சொல்லின் முழுப் பாரமும் தெரிய வேண்டுமானால் சிலப்பதிகாரத்தில் துன்பமாலை என்ற பகுதிக்குப் போக வேண்டும். கோவலன் கொலையுண்ட செய்தி கேட்டு மயங்கி விழுந்த கண்ணகி, எழுந்து அழுது, பிறகு சொல்கிறாள்:

இன்புறு தங்கணவர் இடரெரி யகமூழ்கத்
துன்புறு வனநோற்றுத் துயருறு மகளிரைப்போல்
மன்பதை யலர்தூற்ற மன்னவன் தவறிழைப்ப
அன்பனை இழந்தேன்யான் அவலங்கொண் டழிவலோ

நான்கு அடிகளுக்குள் இடர், துன்பு, துயர், அவலம் நான்கும் வந்துவிடுகின்றன. எல்லாமே ஒன்றுதான் என்றால் இளங்கோ இப்படி அடுக்கியிருக்க மாட்டார். இடர், கணவனை எரிக்கும் சிதைத் தீயோடு வருகிறது. துன்பு, கைம்பெண்கள் நோற்கும் நோன்பில் இருக்கிறது. துயர், அவர்கள் வாழும் நிலை. இந்த மூன்றும் மற்றப் பெண்களுக்கு. தனக்கு வரும்போது மட்டும் கண்ணகி 'அவலம்' என்கிறாள். 'கொண்டு' என்கிறாள், 'அழிவலோ' என்கிறாள். கையில் எடுத்து வைத்துக்கொண்டு அதிலேயே அழிந்துபோவேனா என்று கேட்கிறாள். அந்த ஓகாரத்தில்தான் மறுப்பு இருக்கிறது. அடுத்த நான்கு அடிகளையும் அதே 'அவலங்கொண் டழிவலோ' என்றுதான் முடிக்கிறாள். மதுரை எரிவதற்கான நெருப்பு இங்கேயே மூண்டுவிட்டது என்று எனக்கு ஒவ்வொரு முறை படிக்கும்போதும் தோன்றும்.

அகராதிகள் அவலத்துக்குத் துன்பம், வறுமை, அழுகை, குற்றம் என்று பல பொருள் தருகின்றன. இன்றைய செய்தி வழக்கு இவற்றில் வறுமைக்கும் குற்றத்துக்கும் நடுவே நிற்கிறது. ஒருவர் மனத்துக்குள் இருந்தது ஊர் பார்க்கும் சீர்கேடாக வெளியே வந்துவிட்டது. கேவலத்துக்கும் இதற்கும் ஓசை ஒற்றுமை தவிர உறவில்லை. கேவலம் வடசொல், 'வெறும், தனித்த' என்பது அதன் பழைய பொருள்.

கேள்வி: நாம் சாப்பிடும் அவலுக்கும் அவலத்துக்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: சாப்பிடும் அவலை விடுங்கள். இன்னொரு அவல் இருக்கிறது, அதற்குப் பள்ளம் என்று பொருள். 'நாடா கொன்றோ காடா கொன்றோ, அவலா கொன்றோ மிசையா கொன்றோ' என்று ஔவையார் நிலத்தைப் பார்த்துப் பாடும் புறநானூற்றுப் பாட்டு (187) நினைவிருக்கும். மிசை மேடு, அவல் பள்ளம். அவலத்தை இந்தப் பள்ளத்தோடு சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு. சொல்லின் வடிவமும் பொருளும் இடம் தருகின்றன. நாமும் 'இடிந்து போனான்', 'துயரத்தில் ஆழ்ந்தாள்', 'மனசு தாழ்ந்து கிடக்கிறது' என்றுதானே சொல்கிறோம்? சோகம் வந்தால் ஆள் கீழே போகிறான் என்பது தமிழில் ஊறிய எண்ணம்.

கேள்வி: கவலையும் இப்படித்தானா? கவட்டை, கவை என்பதெல்லாம் கேட்டால் ஒரே குடும்பம் போல இருக்கிறது.

பதில்: நல்ல காது உங்களுக்கு. கவர் என்றால் பிரிதல், கிளைத்தல். கிளை பிரியும் இடம் கவை, அதை வெட்டிச் செய்வது கவைக்கோல். சங்கப் பாடல்களில், முக்கியமாகப் பாலைத் திணையில், கவலை என்றால் பாதை பிரியும் இடம். பொருள் தேடிப் போகிறவன் வெயிலில், கல்லும் முள்ளுமான காட்டில், இந்த வழியா அந்த வழியா என்று நிற்கும் இடம். மதுரைக்குப் போகும் வழி மூன்றாகப் பிரிவதைச் சிலப்பதிகாரம் 'சூலத்து அருநெறி கவர்க்கும்' என்கிறது. சிவன் கைச் சூலத்தின் மூன்று முனை போல வழி பிரிகிறதாம்.

மனக்கவலையும் வழிக்கவலையும் ஒரே வேரில் கிளைத்தவை என்று கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. ராத்திரி தூக்கம் வராமல் புரளும்போது மனம் என்ன செய்கிறது என்று பாருங்கள். 'போனால் என்ன ஆகும், போகாவிட்டால் என்ன ஆகும்' என்று அந்த முச்சந்தியிலேயே நிற்கிறது. நடந்து முடிந்ததற்கு நாம் கவலைப்படுவதில்லை, வருத்தப்படுகிறோம். இனி வரப்போவதற்குத்தான் கவலை. பேச்சு வழக்கில் இந்த வேறுபாடு இன்னும் அப்படியே இருக்கிறது.

கேள்வி: துக்கம், சோகம் இரண்டும் வடசொல் என்பார்கள். அப்படியானால் இவற்றை விட்டுவிட்டுத் துயரம், துன்பம் என்றே எழுதலாமே?

பதில்: எழுதலாம், ஆனால் இடம் பார்த்து எழுதுங்கள். 'துக்கம் விசாரிக்கப் போனேன்' என்பதைத் 'துன்பம் விசாரிக்கப் போனேன்' என்று மாற்றிப் பாருங்கள், ஒட்டவே ஒட்டாது. வந்த சொல் இங்கே வந்து தனக்கென்று ஒரு வேலையை எடுத்துக்கொண்டது. சாவு வீட்டின் அழுகை துக்கத்துக்கு. தொண்டையை அடைப்பதும் துக்கம்தான், துன்பம் அடைக்காது.

பௌத்தத்தின் நான்கு உண்மைகளில் முதலாவது துக்கம். அதையே மணிமேகலை 'பிறந்தோர் உறுவது பெருகிய துன்பம்' என்று தமிழாக்கிக்கொள்கிறது. அங்கே துன்பம் பொருந்துகிறது, ஏனென்றால் எதிரே இன்பம் நிற்க வேண்டும். அடுத்த அடியே 'பிறவார் உறுவது பெரும்பே ரின்பம்'.

சோகத்தின் கதை வேறு. அதன் வடமொழி வேருக்கு எரிதல், ஒளிர்தல் என்று பொருள். முதலில் நெருப்பின் சூடு, பிறகு நெஞ்சின் சூடு. அசோக மரத்துக்குச் 'சோகமற்றது' என்று பெயர். கிரௌஞ்சப் பறவை அடிபட்டதைப் பார்த்த வான்மீகியின் சோகம் சுலோகமாயிற்று என்று இராமாயணமே சொல்கிறது.

எரிகிற சோகத்தை நாம் வடமொழியிடம் கடன் வாங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். குறுந்தொகை நான்காம் பாட்டு 'நோமென் னெஞ்சே நோமென் னெஞ்சே' என்று தொடங்கி, 'இமைதீய்ப் பன்ன கண்ணீர்' என்கிறது. இமையைத் தீய்ப்பது போன்ற கண்ணீர். நிறைய அழுதவர்களுக்குத் தெரியும், கண்ணோரம் எப்படிக் காந்தும் என்று. அந்தக் காந்தலை ஒரே தொடரில் வைத்துவிட்டார் அந்தப் புலவர்.

கேள்வி: என்னோடு வேலை செய்யும் ஈழத்து அக்கா 'அம்மாவுக்கு வருத்தம்' என்றார். 'ஏன், யார் என்ன சொன்னாங்க?' என்று கேட்டுவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

பதில்: அவருடைய அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, அம்மா. ஈழத் தமிழில் வருத்தம் என்றால் நோய். தப்பான வழக்கு இல்லை அது. வருந்துதல் முதலில் உடம்பு படும் பாடுதான், 'வருந்தி உழைத்தான்' என்று இங்கேயும் சொல்கிறோமே. நாம் அதை மனத்துக்குக் கொண்டுபோய்விட்டோம், அவர்கள் உடம்பிலேயே வைத்துக்கொண்டார்கள்.

நோய் இதற்கு நேர் எதிராகப் போயிருக்கிறது. சங்க இலக்கியத்திலும் குறளிலும் காமநோய், பிரிவு நோய் என்று மனத்தின் வலிக்குத் தாராளமாக வருகிறது. இன்று அது ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. அக்காவிடம் நாளைக்கே அம்மாவுக்கு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.

கேள்வி: மன அழுத்தம், மனச்சோர்வு: இரண்டில் எது டிப்ரெஷன்?

பதில்: மனச்சோர்வு. மன அழுத்தம் என்பது ஸ்ட்ரெஸ். பலரும் மாற்றி எழுதுகிறார்கள், அதனால் மாற்றிப் புரிந்துகொள்கிறார்கள். வேலைப் பளுவால் வரும் அழுத்தம் வேலை முடிந்தால் குறையலாம். இரண்டு வாரத்துக்கு மேல், பெரும்பாலான நாட்களில், எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் மாறிக் கிடந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். 'எனக்குச் சோகமே இல்லை, ஒன்றுமே தோன்றவில்லை' என்று சொல்கிறவர்களும் இதில் உண்டு. அதனால்தான் சோகம் என்ற சொல் இங்கே போதாது. சோர்வு சரியான சொல்.

கேள்வி: 'எழவு' என்று திட்டுகிறோமே, அது?

பதில்: இழவு. இழத்தல், அவ்வளவுதான். அழுகை பிறக்கும் இடங்களைத் தொல்காப்பியம் 'இளிவே இழவே அசைவே வறுமை' என்று நான்காகச் சொல்கிறது. இளிவு, பிறர் இகழ நிற்பது. அசைவு, இருந்த நிலை கெட்டுத் தளர்வது. பட்டியலில் சாவுக்கென்று தனி இடம் இல்லை, அது இழவுக்குள் அடங்கிவிடுகிறது. அவமானமும் வறுமையும் சாவுக்குச் சமமாக அழவைக்கும் என்று அன்றே எழுதிவைத்திருக்கிறார்கள்.

கேள்வி: நண்பனின் அப்பா தவறிவிட்டார். எல்லோரும் 'ஆழ்ந்த இரங்கல்' என்று அனுப்புகிறார்கள், எனக்கு அது தேய்ந்துபோன சொல்லாகப் படுகிறது. 'ஆழ்ந்த அனுதாபங்கள்' பரவாயில்லையா?

பதில்: இரங்கலே எழுதுங்கள். அனுதாபத்தில் இருக்கும் தாபம் சூடுதான், வடமொழியில் அந்தச் சொல்லுக்கு, நடந்தபின் வருந்துதல், கழிவிரக்கம் என்று பொருள். தமிழில் கொஞ்சம் மேலிருந்து பார்க்கிற தொனியும் அதற்கு ஏறிவிட்டது.

இரங்கல் நெய்தல் திணையின் உரிப்பொருள், அதாவது அந்தத் திணைக்கே உரிய உணர்வு. கடற்கரையில் நின்று, போனவரை நினைத்துக் கலங்குவது. பழைய பாடல்களில் மனிதர் மட்டும் இரங்குவதில்லை. முரசு இரங்கும், அருவி இரங்கும், கடல் இரங்கும். ஒலித்தல் என்ற பொருளும் அந்தச் சொல்லுக்கு உண்டு. வாய்விட்டு அழுவதும் அலை ஒலிப்பதும் ஒரே சொல்லில் இருக்கின்றன.

'ஆழ்ந்த' என்பதை வேண்டுமானால் எடுத்துவிடுங்கள். 'அப்பாவை நினைத்து இரங்குகிறேன்' என்று எழுதி, கீழே அவரைப் பற்றி உங்களுக்கு நினைவிருக்கும் ஒன்றைச் சேருங்கள். முடிந்தால் நேரில் போங்கள்.