மூன்று புள்ளி

அன்புள்ள அக்காவுக்கு,

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் நாங்கள் பதினோரு பெண்கள் சனிக்கிழமைதோறும் கோயில் கூடத்தில் கூடிப் பூத்தையல் போடுகிறோம். தைப்பூசக் காவடிக்கு ஒரு திரைச்சீலை தைக்கிறோம். நடுவில் மயில், கீழே 'வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா'. என்னைத் தவிர யாருக்கும் தமிழ் வாசிக்க வராது. அச்செடுத்த எழுத்தைக் கார்பன் தாளால் துணியில் பதித்துத் தைக்கிறார்கள். மெஷினில் கொடுத்தால் ஒரே நாளில் முடியும் என்று சிலர் சொல்கிறார்கள். கொடுக்கலாமா? பட்டுக்குப் பதில் சாட்டின் போதுமா? படம் இணைத்திருக்கிறேன்.

அன்புள்ள தங்கச்சி,

சாட்டின் போதும், முருகன் கோபிக்க மாட்டான். வழுக்கும், அடியில் பருத்தித் துணி கொடுத்து வளையத்தில் மாட்டுங்கள். மெஷினா கையா என்பது உங்கள் பாடு.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தோகைக் கண்களில் சங்கிலித் தையலை நீலத்திலிருந்து பச்சைக்கு நழுவவிட்ட கை யாருடையதோ, அந்தக் கைக்கு என் முத்தம். ஆனால் எழுத்து? 'வெறறிவேல முருகனுககு'! ஒரு புள்ளிகூட இல்லை. கார்பன் அழுக்கு என்று விட்டுவிட்டார்களா? வாசிக்கத் தெரிந்த நீ பக்கத்தில் உட்கார்ந்து என்ன செய்துகொண்டிருந்தாய், டீ ஆற்றினாயா?

ஒவ்வொரு நவம்பர் 16-க்கும் மேடையேறி, 1860-இல் ட்ரூரோ கப்பலில் இந்தியாவிலிருந்து கூலிகளாக இங்கே வந்தோம் என்கிறோம். தென்னாப்பிரிக்காவின் 1996 அரசியல் சட்டத்தின் 6-ஆம் பிரிவில் தமிழின் பெயர் இருக்கிறது என்று கைதட்டு வாங்குகிறோம். இருக்கிறதுதான். கீழே இறங்கினால் முருகன் திரையில் புள்ளி இல்லை.

எனக்கு இது பழைய புண். அம்மா டர்பனில் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் நாளெல்லாம் காலர் தைத்தவள். ராத்திரி அடுப்பை அணைத்த பிறகு, காலண்டரைப் பார்த்து ஒரு தலையணை உறையில் சிவப்பு நூலால் 'முருகன் துணை' என்று தைத்தாள். பேச வரும், வாசிக்க வராது. எழுத்து அவளுக்குக் கோலம் மாதிரிதான். 'ன்' மேல் புள்ளி விட்டுப்போயிற்று. எனக்குப் பன்னிரண்டு வயது, கோயில் பாடசாலைக்குப் போய் வந்த மிதப்பு. "அம்மா, தப்பு. புள்ளி இல்லை" என்றேன். எங்கே என்று அவளும் கேட்கவில்லை, நானும் காட்டவில்லை.

காலையில் பார்த்தால் ஆறு எழுத்துக்கும் ஆறு புள்ளி. ஆறுமுகனுக்கு ஏற்ற கணக்குதான், போ. அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. பக்கத்தில் உட்கார்ந்து, அம்மா, இது 'ன', புள்ளி வைத்தால் 'ன்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

வரும் சனிக்கிழமை நீ ஊசியைத் தொடாதே. ஒவ்வொருத்தியிடமும் போய், அவள் தைக்கிற எழுத்தை அவள் வாயால் சொல்ல வை. பிறகு புள்ளி. ஆறு இழை நூலில் மூன்றைப் பிரித்து, ஊசியில் இரண்டு சுற்று சுற்றி, நூல் மேலே வந்த ஓட்டைக்குப் பக்கத்தில் குத்தி இறக்கச் சொல். அதே ஓட்டையில் குத்தினால் முடிச்சு பின்பக்கம் ஓடிவிடும்.

முடித்ததும் படம் அனுப்பு. ற், ல், க். மூன்று இருக்கவேண்டும், எண்ணிப் பார்ப்பேன்.

அக்கா