வாசகர் கேள்வி: தட்டில் தேங்கி நிற்கும் ஆலங்கன்று

கேள்வி: சுவர் இடுக்கில் முளைத்த ஆலங்கன்றைப் பெயர்த்தெடுத்து, ஆழமில்லாத போன்சாய்த் தட்டில் நட்டு, மூன்றாண்டுகளாக மொட்டை மாடியில் வளர்த்து வருகிறேன். அடிமரம் சுண்டுவிரல் பருமனைத் தாண்டவில்லை. காலையும் மாலையும் நீர் ஊற்றுகிறேன். ஆனாலும் இலைகள் பழுத்து உதிர்கின்றன. உரத்தைக் கூட்டலாமா?
— வாசகி, மதுரை

பதில்: உரத்தைக் கூட்ட வேண்டாம், உங்கள் கன்று தட்டுக்கு வந்தது மிகவும் சீக்கிரம். தட்டு என்பது உருவம் முடிந்த மரத்துக்கு உரிய இடம். வேர் ஓடவும் கிளை தழைக்கவும் வழியிருந்தால்தான் அடிமரம் பருக்கும் என்பதால், மாசி, பங்குனியில் புதுத்தளிர் விடும்போது கன்றை 12 அங்குலத் தொட்டிக்கு மாற்றி, நுனி கிள்ளாமல் இரண்டு, மூன்று ஆண்டுகள் வளரவிடுங்கள். மாற்றும்போது ஆணிவேரைக் குறுக்கி, பக்க வேர்களை அடிமரத்தைச் சுற்றி நாலாபுறமும் விரித்து வையுங்கள். பிற்காலத்தில் மரத்துக்கு வயதான தோற்றம் தருபவை அவையே. பிறகு இரண்டு, மூன்று வாரம் நிழலில் இருக்கட்டும்.

அடிமரம் வேண்டிய அளவு பருத்ததும் துணிந்து குட்டையாக வெட்டலாம். ஆல் வெட்டிய இடத்துக்குக் கீழே எளிதில் துளிர்க்கும். அவற்றில் ஒன்றைப் புதிய நுனியாக வளர்த்து, அதுவும் பருத்தபின் மீண்டும் வெட்டினால், அடி பெருத்து நுனி சிறுத்த வடிவம் கிடைக்கும். வெட்டில் வடியும் பாலை ஈரத்துணியால் ஒற்றி எடுத்தால் போதும்.

இலை பழுப்பதற்குப் பெரும்பாலும் ஈரமே காரணம். ஆழமில்லாத தட்டில் தண்ணீர் முழுமையாக வடிவதில்லை. அதில் தோட்டத்துக் களிமண்ணும் சேர்ந்தால் வேர் அழுகிவிடும். செங்கல்லை உடைத்து, தூளைச் சலித்து நீக்கி, பயறளவு சில்லுகளை இரண்டு பங்கும் மக்கிய தொழுவுரத்தை ஒரு பங்கும் கலந்து பயன்படுத்துங்கள். வேளை பார்த்து ஊற்றாமல், விரலை ஓர் அங்குலம் நுழைத்துப் பார்த்து, மேல்மண் உலர்ந்திருந்தால் மட்டும் அடித்துளை வழியே வழியும்வரை ஊற்றுங்கள். கோடையில் அது தினமும் இருவேளையாக அமையலாம். ஐப்பசி மழையில் நாள்கணக்கில் தேவைப்படாமலும் போகலாம்.

ஆலிலை பெரியது, எவ்வளவு கவாத்து செய்தாலும் ஓரளவுக்கு மேல் சிறுக்காது. ஆகவே இம்மரத்தை இரண்டடி உயரத்துக்குத் திட்டமிடுங்கள். உள்ளங்கையில் அடங்கும் மரம்தான் வேண்டுமென்றால் சிற்றிலை கொண்ட இச்சி பொருத்தமானது.

அனுபவமுள்ளவர் ஒருவர் அருகில் கிடைத்தால், முதலில் வேர்க் கவாத்தை அவர் செய்யும்போது நின்று பாருங்கள். கிளையை வேண்டிய வடிவில் வளைக்கக் கம்பி சுற்றுவதைப் படம் பார்த்தே பழகிவிடலாம். ஆனால் வளரும் பருவத்தில் கம்பி பட்டையில் பதிகிறதா என்று வாரந்தோறும் கவனித்து, பதியும் முன்பே துண்டு துண்டாக நறுக்கி எடுத்துவிடுங்கள். சுற்றைப் பிரிக்க முயன்றால் கிளை முறியும்.