கணினி 'சரி' என்று சொன்னாலும்

கேள்வி: எங்கள் மருத்துவமனையில் மருந்து எழுதுவது முதல் நோயாளிக்குக் கொடுப்பது வரை அனைத்தையும் கணினிக்கு மாற்றிவிட்டார்கள். நாள் முழுவதும் திரையில் எச்சரிக்கைகள் வருகின்றன. பலரும் படிக்காமலேயே 'சரி' என்று அழுத்திவிடுகிறார்கள். நாங்கள் தயங்கினால், புதியதை ஏற்காதவர்கள் என்கிறார்கள். பழைய கேஸ் ஷீட்டே பாதுகாப்பு என்று நினைப்பது தவறா?
— செவிலியர் ஒருவர், மதுரை

பதில்: காகிதத்துக்குத் திரும்ப வேண்டும் என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை, புரியாத கையெழுத்தால் விளைந்த கேடுகள் கொஞ்சமல்ல. ஆனால் உங்கள் தயக்கம் நியாயமானது.

2013-இல் சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனையில், 16 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு 160 மில்லிகிராம் என்று குறிக்கப்படும் கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை ஒன்றே ஒன்று தர வேண்டியிருந்தது. மருத்துவர் 160 என்றுதான் தட்டினார். ஆனால் 40 கிலோவுக்குக் குறைவான பிள்ளைகளுக்கு எடையை வைத்தே மருந்தளவு கணக்கிடப்பட வேண்டும் என்ற விதிப்படி, திரையில் அலகு 'ஒரு கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம்' என்று இருந்தது. சிறுவனின் எடையான 38.6 கிலோவால் கணினி அதைப் பெருக்கியதில், ஒரு மாத்திரை முப்பத்தெட்டரை மாத்திரையாகிவிட்டது. எச்சரிக்கை வராமல் இல்லை. வேண்டாத எச்சரிக்கைகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போயிருந்த மருத்துவரும் மருந்தாளுநரும் இதையும் கடந்துபோனார்கள். அத்தனை மாத்திரைகளா என்று திகைத்த செவிலியர் பார்கோடை ஸ்கேன் செய்தார். அளவு சரி என்று திரை காட்டவே, கொடுத்துவிட்டார். சில மணி நேரத்தில் சிறுவனுக்கு வலிப்பு வந்தது. நல்லவேளையாக உயிர் பிழைத்தான்.

அந்தச் செவிலியரின் திகைப்பை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. அங்கே சரியாக வேலை செய்தது அது ஒன்றுதான். கையில் இருக்கும் மருந்து, கணினியில் பதிவான உத்தரவோடு பொருந்துகிறதா என்பதை மட்டுமே பார்கோடு சொல்லும்; அந்த உத்தரவே சரியா என்பதை அதனால் சொல்ல முடியாது. பயிற்சி வகுப்புகளில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதற்கு முன்னால் இதைத்தான் கற்பிக்க வேண்டும் என்பேன்.

தயங்குவோரையெல்லாம் பிடிவாதக்காரர்கள் என்று ஒதுக்குவதும் சரியல்ல. லாஸ் ஏஞ்சலஸின் சீடர்ஸ்-சினாய் மருத்துவமனை, தன் மருத்துவர்களின் கடும் எதிர்ப்பால், கணினிவழி மருந்து உத்தரவு முறையை 2003-இல் நிறுத்திவைக்க நேர்ந்தது. வேலையைத் தாமதப்படுத்துகிறது என்று அவர்கள் சொன்னதைத் தொடக்கத்திலேயே கேட்டிருக்கலாம்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. எந்த எச்சரிக்கை அடிக்கடி வருகிறது, எதை எல்லோரும் தள்ளிவிடுகிறார்கள் என்று ஒரு வாரம் குறித்து வைத்து, நிர்வாகத்திடம் கொடுங்கள். பயனற்றவற்றை நீக்கவும், உச்ச அளவைத் தாண்டிய உத்தரவு ஒரே அழுத்தத்தில் நிறைவேறாதபடி தடுக்கவும் அந்தக் குறிப்பைக் காட்டியே கேட்கலாம். அதுவரை, இரவு டியூட்டியில் ஓர் அளவு மனத்தை உறுத்தினால் மறுபடியும் ஸ்கேன் செய்து பார்க்காதீர்கள். உத்தரவிட்ட மருத்துவரை அழைத்து, எத்தனை மில்லிகிராம், எத்தனை மாத்திரை என்று இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிக் கேட்ட பிறகே கொடுங்கள்.