விமானத்தை விட்டு இறங்கியது யார்?

கேள்வி: 'ஃப்ரெண்ட்ஸ்' தொடரைக் கல்லூரியில் படிக்கும் என் மகளோடு உட்கார்ந்து முதலிலிருந்து கடைசிவரை பார்த்து முடித்தேன். "ராஸ் மாதிரி ஒரு சந்தேகப் பேர்வழிக்கு ரேச்சலைக் கொடுத்தது அநியாயம்" என்கிறாள் அவள். ஒன்பதாம் வகுப்பிலிருந்து அவளையே நினைத்துக்கொண்டிருந்த பாவப்பட்ட பையன் என்கிறேன் நான். அமெரிக்கக் காதல் நகைச்சுவைத் தொடர்களில் எரிச்சலூட்டும் நாயகர்களுக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை? நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: தீர்ப்பு உங்கள் மகளுக்குச் சாதகமாகத்தான். ஆனால் அவர் சொல்லும் காரணத்துக்காக அல்ல.

முதலில் உங்கள் 'பாவப்பட்ட பையன்' வாதத்தைக் கவனித்துவிடுவோம். ஒன்பதாம் வகுப்பிலிருந்து காத்திருந்தான் என்கிறீர்கள். காத்திருந்தவருக்குக் கட்டாயம் கிடைக்க வேண்டும் என்ற விதி ரேஷன் கடை வரிசைக்குப் பொருந்தும். ரேச்சல் சர்க்கரை அல்ல.

ராஸின் குற்றப்பத்திரிகையை உங்கள் மகள் ஏற்கெனவே வாசித்துக் காட்டியிருப்பார். ரேச்சலுக்கு ப்ளூமிங்டேல்ஸ் கடையில் நல்ல வேலை கிடைத்தவுடன், அங்கே மார்க் என்று ஓர் ஆண் இருக்கிறானே என்று அவனுக்கு வயிறு எரிகிறது. அலுவலகத்துக்குப் பூங்கொத்து அனுப்புகிறான், பாட்டுப் பாட ஆள் அனுப்புகிறான். அன்பு என்று பெயர். உண்மையில் வேலி போடுகிறான். அவள் வேலையில் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும் இரவில் கூடை நிறையச் சாப்பாட்டோடு போய் அவள் மேஜையிலேயே விருந்து பரப்புகிறான். சண்டை வருகிறது. கொஞ்ச நாள் விலகியிருப்போம் என்கிறாள். அன்றிரவே இன்னொரு பெண்ணோடு போய்விடுகிறான். பிறகு லாஸ் வேகஸில் குடிபோதையில் அவர்கள் இருவருக்கும் நடந்த திருமணத்தை ரத்து செய்தாயிற்று என்று ரேச்சலிடமே பொய் சொல்கிறான். ரத்து செய்யவில்லை; மூன்றாவது விவாகரத்து என்ற பெயர் வந்துவிடுமாம்.

இதையெல்லாம் தொடர் எப்படி மன்னிக்க வைக்கிறது என்பதுதான் எனக்குச் சுவாரசியம். 'நாம் அப்போது பிரிந்துதானே இருந்தோம்!' என்று ராஸ் கத்துகிறான். முதல்முறை கேட்கும்போது அது ஒரு பெண்ணின் நெஞ்சில் விழுந்த அடி. பத்தாவது முறை கேட்கும்போது அரங்கில் உட்கார்ந்திருப்பவர்கள் அது வருவதற்கு முன்பே சிரிக்கத் தயாராகிவிடுகிறார்கள். கடைசி அத்தியாயத்தில் இருவரும் சேர்ந்த நிமிடத்திலும் அந்த வசனத்தை அவன் ஒரு நகைச்சுவையாகச் சொல்கிறான். துரோகத்தை ஏழு ஆண்டுகளில் துணுக்காக மாற்றிவிட்டார்கள். ராஸாக வரும் டேவிட் ஷ்விம்மர் நல்ல நடிகர் என்பதும் இந்த மோசடிக்குப் பெரிய உதவி.

ஆனாலும், பிடிக்காதவன் நாயகனாக இருக்கக்கூடாது என்று உங்கள் மகள் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். உத்தமர்களை வைத்து நகைச்சுவை எழுத முடியாது. அநியாயம் நடந்தது வேறொரு பக்கம். ரேச்சலின் பக்கத்திலிருந்து கதையை ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

1994 செப்டம்பரில் முதல் அத்தியாயத்தில், மணமேடையை விட்டு ஓடிவந்த பெண்ணாக, கல்யாண உடையோடு, நண்பர்கள் கூடும் காப்பிக் கடைக்குள் நுழைகிறாள். அப்பாவின் கிரெடிட் கார்டுகளை நண்பர்கள் முன்னால் வெட்டிப் போடுகிறாள். காப்பி ஊற்றிக் கொடுக்கக்கூடச் சரியாகத் தெரியாமல் அங்கேயே வேலைக்குச் சேர்கிறாள். அங்கிருந்து ப்ளூமிங்டேல்ஸ், அங்கிருந்து ரால்ஃப் லாரன், கடைசியில் பாரிஸில் லூயி வுய்த்தான் நிறுவனத்தில் வேலை. பத்து சீசன், 236 அத்தியாயங்கள். தொடரின் ஆறு நண்பர்களில் ஒன்றுமே தெரியாமல் வந்து இவ்வளவு தூரம் ஏறியவள் இவள் ஒருத்திதான்.

2004 மே 6 அன்று அமெரிக்காவில் ஐந்து கோடிக்கும் அதிகமானோர் பார்த்துக்கொண்டிருக்க, கடைசி அத்தியாயத்தில் அவளைப் பாரிஸ் விமானத்திலிருந்து இறக்கிவிட்டார்கள். ராஸ் விமான நிலையத்துக்கு ஓடினான், அதுவும் முதலில் தவறான விமான நிலையத்துக்கு. காதலிக்கிறேன் என்றான். அவள் இறங்கி வந்தாள். அந்த வேலை என்ன ஆனது? ஒரு வசனம் கிடையாது.

ராஸ் ஏன் பாரிஸ் போகக்கூடாது? அவன் தொல்லுயிரியல் பேராசிரியன். டைனோசர் எலும்போடு வாழ்க்கை நடத்துகிறவன். முதுகெலும்புள்ள விலங்குகளின் புதைபடிமங்களை ஆராயும் துறைக்கு அடித்தளம் போட்ட ஜார்ஜ் கூவியே வேலை பார்த்தது பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில்தான். அங்கே எலும்புக்கூடுகளுக்கென்றே 1898-இல் திறந்த தனிக் கூடம் இன்றும் இருக்கிறது. அவன் தொழில் செய்கிற ஆளுக்கு அது காசி யாத்திரை மாதிரி. முதல் மனைவிக்குப் பிறந்த மகன் பென் நியூயார்க்கில் இருக்கிறானே என்பீர்கள். நியாயமான கேள்விதான், ஆனால் கடைசி இரண்டு சீசன்களில் அந்தப் பையனைத் திரையில் பார்த்த நினைவு உங்களுக்கு இருக்கிறதா? மகனைத் தொடரே மறந்துவிட்டது. ராஸுக்கும் ரேச்சலுக்கும் பிறந்த குழந்தை எம்மாவைப் பிரிய வேண்டியிருக்குமே என்றால், சேர்ந்து போவதற்கு அது இன்னும் நல்ல காரணம். இப்படி ஒரு வழி இருப்பதாக அந்த ஆறு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை, எழுதியவர்களுக்கும் தோன்றவில்லை.

கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்று நம்மிடம் ஒரு பேச்சு உண்டே, அதுதான் இது. ராஸுக்குப் பரிசு கொடுக்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. தேங்காய் ரேச்சலுடையது.

வேறு மாதிரி எழுத முடியாதா என்றால், 'ஃப்ரெண்ட்ஸ்' வந்த அதே என்பிசி தொலைக்காட்சியில் அதற்கு முன்பே எழுதிவிட்டார்கள். 'சியர்ஸ்' தொடரின் சாம் மலோன், ராஸைவிட மோசமான ஆள். பாஸ்டனில் மதுக்கடை நடத்தும் முன்னாள் பேஸ்பால் வீரன். பெண்களின் எண்ணிக்கையைப் பெருமையாகச் சொல்லித் திரிகிறவன். அவனுக்கும் படித்த பெண்ணான டயானுக்கும் ஐந்து ஆண்டுகள் இழுபறி. 1987-இல் கடைக்குள்ளேயே கல்யாணம் நடக்க இருக்கும் நேரத்தில், அவள் பாதியில் விட்ட நாவலை முடித்தால் வெளியாக வாய்ப்பு உண்டு என்று தகவல் வருகிறது. போய் எழுதி முடி என்று கல்யாணத்தை நிறுத்துகிறவன் சாம். ஆறு மாதத்தில் திரும்பி வருவேன் என்று அவள் போகிறாள். வர மாட்டாள் என்று அவனுக்குத் தெரியும்.

1993 மே மாதம் வந்த கடைசி அத்தியாயத்தில் அவள் வருகிறாள். இருவரும் கலிஃபோர்னியா விமானத்தில் ஏறி உட்காருகிறார்கள். பெல்ட்டும் போட்டாயிற்று. விமானம் கிளம்பத் தாமதமாகிறது. அந்த இடைவெளியில் இருவருக்கும் புத்தி தெளிகிறது. அவள் தன் ஊருக்குப் போகிறாள், அவன் தன் கடைக்குத் திரும்புகிறான். கடைசிக் காட்சியில் இருட்டில் யாரோ கதவைத் தட்ட, "மன்னிக்கவும், கடை மூடியாகிவிட்டது" என்று சொல்லிவிட்டு உள்ளே நடந்துபோகிறான். அதை இயக்கியவர் ஜேம்ஸ் பரோஸ். அடுத்த ஆண்டே 'ஃப்ரெண்ட்ஸ்' தொடரின் முதல் அத்தியாயத்தை இயக்கியவரும் அவர்தான். பத்து ஆண்டு கழித்து இன்னொரு விமானத்தில் என்ன நடந்தது என்பதற்கு அவர் பொறுப்பில்லை.

'ஹவ் ஐ மெட் யுவர் மதர்' பற்றி நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்னும் கோபமாக எழுதியிருப்பேன். டெட் என்ற நாயகன் தன் பிள்ளைகளிடம் ஒன்பது சீசன் அம்மாவின் கதை சொல்கிறான். 2014-இல் வந்த கடைசி அத்தியாயத்தில், அம்மா இறந்து ஆறு ஆண்டு ஆகிவிட்டது என்று தெரிகிறது. பழைய காதலி ராபினிடம் போங்கள் என்று பிள்ளைகளே அனுப்பிவைக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளின் காட்சியைத் தொடரின் ஆரம்ப ஆண்டுகளிலேயே படமாக்கி வைத்திருந்தார்கள். அதாவது அம்மாவின் முகத்தை நாம் பார்ப்பதற்கு முன்பே அவளுக்கு நாள் குறித்தாயிற்று. ரசிகர்கள் கொதித்தார்கள். பிறகு வந்த டிவிடியில் அம்மா சாகாத வேறொரு முடிவையும் சேர்த்தார்கள்.

மகளிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: ராஸ் கொஞ்சம் நல்லவனாக இருந்திருந்தால், ரேச்சல் இறங்கியது சரி என்பாரா? ஆம் என்றால், இந்தத் தீர்ப்பை மேல்முறையீட்டில் நானே மாற்றிவிடுவேன்.